அடிக்கட்டையும் மேல்மண்ணும்: ஷூஸ்வாப் சரிவில் ஒரு மறுநடவு

2016 ஆகஸ்டில் தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று பார்க்கப் போனபோதுதான் அந்தச் சிவந்த மரத்தைக் கவனித்தேன். நாங்கள் நட்டு ஆறு வருடம் ஆன டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரம். என் உயரத்தைத் தாண்டியிருந்தது. உச்சி முதல் அடி வரை ஊசி எல்லாம் ஒரே துருப்பிடித்த நிறம். கோடை என்பதால் வெயிலில் காய்ந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த வருடம் அதே இடத்தைச் சுற்றி ஒன்பது மரம் அப்படி நின்றது. வெயில் இப்படி வட்டம் போட்டுக் கொல்லாது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சாமன் ஆர்ம் ஊருக்குப் பக்கத்தில், ஷூஸ்வாப் ஏரியைப் பார்த்த சரிவில் எங்களுக்கு ஆறு ஹெக்டேர் காடு இருக்கிறது. 2009இல் வாங்கினோம். அதில் ஒன்றரை ஹெக்டேர் அப்போதே மொட்டையாகத்தான் கிடந்தது. முன்பு வைத்திருந்தவர் பெரிய மரங்களை வெட்டி விற்றுவிட்டு அடிக்கட்டைகளை அப்படியே விட்டிருந்தார். 2010 மே மாதம் அங்கே 1,800 டக்ளஸ் ஃபர் நாற்று நட்டோம். வேறு எந்த மரமும் கலக்கவில்லை. அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று யாரும் தோண்டிப் பார்க்கவும் இல்லை.

ஒன்பது மரத்தைப் பார்த்த அன்று கோடரியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். சாகாமல், ஆனால் சோர்ந்து நின்ற ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதன் உச்சித்தளிர் முந்தைய வருடம் 45 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. இந்த வருடம் ஒரு சாண்கூட இல்லை. அடித்தண்டைச் சுற்றி மண்ணை விலக்கினேன். தரைக்குச் சற்றுக் கீழே மண்ணும் பழைய ஊசிகளும் பிசினில் கெட்டித்துக் கட்டியாகப் பட்டையோடு ஒட்டியிருந்தன. மரம் தன்னால் முடிந்த மட்டும் பிசினைக் கொட்டிப் போராடியிருக்கிறது. கோடரி முனையை உள்ளே கொடுத்து நெம்பினேன். பட்டை கழன்றதும் உள்ளே வெள்ளையாக ஒரு ஏடு. இளநீர் வழுக்கையைச் சுரண்டினால் எப்படி மெல்லிசாகப் பிரிந்து வருமோ, அப்படி விரலாலேயே உரித்து எடுக்க முடிந்தது. அதில் கைவிசிறியின் மடிப்பு மாதிரி வரிகள். முகர்ந்தால் நல்ல காளான் வாசம். வேரோடு ஒட்டி மண்ணுக்குள் கறுப்பு ஷூ லேஸ் போல ஒன்று ஓடியது. வேர் என்று நினைத்து இழுத்தேன், பட்டென்று அறுந்தது. உள்ளே வெள்ளை.

ஆர்மில்லேரியா என்ற வேர்ப்பூஞ்சை. இந்தப் பக்கத்துக் காடுகளில் இருப்பது ஆர்மில்லேரியா ஆஸ்டோயே என்ற இனம். செப்டம்பர், அக்டோபரில் கட்டைகளின் காலடியில் கொத்துக் கொத்தாகத் தேன் நிறக் காளான் முளைக்குமே, அதேதான். ஓரிகன் மாநிலத்தின் மல்ஹூர் காட்டில் இதே பூஞ்சையின் ஒரே ஒரு உயிர் ஏறத்தாழ 965 ஹெக்டேருக்கு மண்ணுக்கடியில் பரவியிருக்கிறது. காளான் சில வாரம் மட்டும் தெரியும். மற்ற நாளெல்லாம் வேலை வேருக்குள்ளேதான் நடக்கும்.

இது எப்படிப் பரவுகிறது என்று புரிந்த பிறகுதான் 2010இல் நாங்கள் செய்தது என்ன என்று விளங்கியது. பெரிய மரங்கள் உயிரோடு நிற்கும்போது பூஞ்சை அவற்றின் வேர்களில் ஆங்காங்கே சின்னப் புண்ணாக இருக்கும். மரம் அதைச் சுற்றிப் புதுப்பட்டை வளர்த்து அணைகட்டி வைத்திருக்கும். இருவரும் பல பத்தாண்டுகள் அப்படியே வாழ்வார்கள். மரத்தை வெட்டியதும் அணையைக் காக்க ஆளில்லை. வேரில் மிச்சமிருக்கும் மாவுச்சத்து முழுவதும் பூஞ்சைக்கு. சில வருடங்களில் அடிக்கட்டை முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும். பெரிய கட்டையாக இருந்தால் பல பத்தாண்டுகள் அதிலேயே குடியிருக்கும். நாம் பக்கத்தில் நடும் நாற்றின் வேர் ஐந்தாறு வருடத்தில் அந்தக் கட்டையின் வேரைத் தொடும். அன்றைக்கு அதற்குக் காலம் முடிகிறது. ஆறாவது வருடத்தில் என் முதல் மரம் சிவந்தது தற்செயல் இல்லை.

இன்னொன்றும் செய்திருந்தேன். அதைத்தான் நினைத்து நினைத்து வருந்துகிறேன். 2013இல் ஃபர் நாற்றுகளுக்கு நிழல் விழுகிறது என்று, தானாக முளைத்திருந்த பிர்ச் மரங்களை எல்லாம் அறுத்துத் தள்ளினேன். வெள்ளைப் பட்டை பிர்ச், தோளுயரம். மூன்று நாள் வேலை. முடித்துவிட்டுப் பார்த்தபோது வரிசை வரிசையாக ஃபர் மட்டும் நின்ற அழகில் மனம் நிறைந்தது. பிர்ச் வேரைச் சுற்றி வாழும் சில பாக்டீரியாக்கள் ஆர்மில்லேரியாவை வளரவிடாமல் தடுக்கும் என்பதும், பிர்ச்சை அறுத்தால் அடுத்த சில வருடங்களில் ஃபர் சாவு கூடும் என்பதும் இதே மாகாணத்தில் ஆய்வு செய்து கண்டவை. பிர்ச்சுக்கும் ஃபருக்கும் இடையே வேர்ப்பூஞ்சை வழியாகக் கார்பன் போய்வருவதை வனவியல் ஆய்வாளர் சுசான் சிமார்ட் 1997இலேயே காட்டியிருந்தார். எனக்கு எதுவும் தெரியாது. நான் அறுத்த ஒவ்வொரு பிர்ச்சும் அந்த நேரத்தில் எனக்காக வேலை செய்துகொண்டிருந்தது.

2017 இலையுதிர்காலம் முழுவதும் வரைபடம் போட்டேன். செத்த மரத்துக்குச் சிவப்பு ரிப்பன், சோர்ந்ததற்கு மஞ்சள். நான்கு கூட்டம் தெரிந்தது. மூன்று கூட்டம் கீழே, ஓரளவு சமமான இடத்தில், சேர்த்தால் 0.6 ஹெக்டேர். நான்காவது மேலே, 40 சதவீதத்துக்கும் அதிகமான சரிவில், 0.3 ஹெக்டேர். ஒவ்வொரு கூட்டத்தின் நடுவிலும் ஒன்றிரண்டு பெரிய பழைய கட்டை. கணக்கு சரியாக வந்தது.

அப்புறம் என்ன செய்வது? மருந்து என்று எதுவும் இல்லை. சாமன் ஆர்முக்கு அருகே ஸ்கிமிகின் என்ற இடத்தில் 1968இல் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். ஒரு பகுதியில் அடிக்கட்டைகளை வேரோடு பிடுங்கி எடுத்துவிட்டு நட்டார்கள், இன்னொரு பகுதியில் கட்டைகளை விட்டுவிட்டு நட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் தொடர்ந்து எண்ணியதில், பிடுங்கிய இடத்தில் வேர்நோய்ச் சாவு மிகவும் குறைவு. என் இடத்திலிருந்து அது அதிக தூரமில்லை. மண்ணும் மழையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பிடுங்குவது என்று மனம் சாய்ந்தது.

ஆனால் பிடுங்குவதற்கு ஒரு விலை இருக்கிறது. என் மண்ணில் ஒரு குழி வெட்டிப் பார்த்தேன். மேலே ஆறு சென்டிமீட்டர் இலைமட்கு, கறுத்து மிருதுவாக, வெள்ளை இழையோடு. அதன் கீழே 25 சென்டிமீட்டர் வெளிறிய வண்டல் மண். அதற்குக் கீழே களி, கத்தி இறங்காத கெட்டி. இந்த மாதிரி மண்ணில் மரத்துக்குக் கிடைக்கும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பங்கு அந்த ஆறு சென்டிமீட்டர் மட்கிலும் அதை ஒட்டிய மேல்மண்ணிலும்தான். அந்த மட்கு சேர நூறு வருடம் ஆகியிருக்கும். இருபது டன் இயந்திரம் ஒரே நாளில் அதைக் களியோடு பிசைந்து நாசமாக்கிவிடும். கட்டையை விட்டால் நோய், எடுத்தால் மண். இந்த இழுபறிதான் முழு வேலையும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. மேல்சரிவில் இயந்திரம் இறக்கினால் அடுத்த பனியுருகலில் மண் ஏரிக்குப் போய்விடும். ஆகவே அங்கே கட்டையைத் தொடுவதில்லை, மர இனத்தை மாற்றுவது. கீழ் மூன்று கூட்டத்தில் பிடுங்குவது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். “வேரை நல்லா பொறுக்கணும் தம்பி. விரல் தண்டி வேர் ஒண்ணு கெடந்தாலும் போதும், அது திரும்ப வந்துரும். அப்புறம், கன்னு வைக்க அவசரப்படாத. புல்லு வச்சு மண்ணு தேறுனாத்தான் கன்னு தேறும்” என்றார். மலையகத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடவு செய்யும்போது வேரெல்லாம் பொறுக்கிவிட்டு, குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ வைத்து, ஒன்றரை இரண்டு வருடம் வெட்டி வெட்டி அங்கேயே போட்டு மண்ணைத் தேற்றிய பிறகுதான் கன்று வைப்பார்கள். சிறு வயதில் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, பின்னால் ஆள் உயரத்துக்கு நின்ற அந்தப் புல்லுக்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். அது எதற்கு என்று நாற்பது வயதில்தான் கேட்டேன்.

அங்கே நிழல் மரங்களை வெட்டும் முன் பட்டையை வளையமாக உரித்து நிற்கவிட்டு, வேரிலுள்ள மாவுச்சத்து தீர்ந்த பிறகு சாய்க்கும் பழக்கமும் உண்டு. பூஞ்சைக்குச் சாப்பாடு இல்லாமல் செய்யும் வழி. என் பக்கத்து முதிர்ந்த மரங்களுக்கு அதைச் செய்து பார்க்கலாமா என்று யோசித்தேன். இங்கே பூஞ்சை வெளியிலிருந்து வருவதில்லை, ஏற்கெனவே வேருக்குள் புண்ணாக உட்கார்ந்திருக்கிறது. மரத்தை மெல்லச் சாகவிட்டால் அதற்கு வசதிதான். விட்டுவிட்டேன்.

2018 செப்டம்பர் முதல் வாரம். புகை மூட்டமான கோடை முடிந்து மண் நன்றாகக் காய்ந்திருந்தது. பார்க்கும் முறை எளிது. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் அழுத்த வேண்டும். கொழுக்கட்டையாகப் பிடிபட்டால் இயந்திரம் இறங்கக் கூடாது. உதிர்ந்தால் இறங்கலாம். அன்றைக்கு உதிர்ந்தது. எக்ஸ்கவேட்டரில் வழக்கமான வாளியைக் கழற்றிவிட்டு, விரல் விரித்தது போன்ற வேர்க்கொண்டி மாட்டச் சொன்னேன். வாளி மண்ணை அள்ளும், கொண்டி வேரை மட்டும் எடுத்து மண்ணைக் கீழே விடும்.

ஓட்டுநர் இந்த வேலையில் பழகியவர். ஒவ்வொரு கட்டையையும் நெம்பித் தூக்கி, அந்தரத்தில் நாலைந்து முறை குலுக்கினார். மண் எல்லாம் அதே குழிக்குள் விழுந்தது. பிறகு கட்டையைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்க, தரையில் வைத்தார். இதில்தான் விஷயம் இருக்கிறது. காற்றிலும் வெயிலிலும் காய்ந்தால் பூஞ்சை செத்துப்போகும், எரிக்கக்கூட வேண்டாம். மண்ணோடு சேர்த்துக் குவித்தாலோ திரும்பப் புதைத்தாலோ ஈரத்தில் பிழைத்துக்கொள்ளும். நானும் மனைவியும் பின்னாலேயே நடந்து, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த வேரை எல்லாம் கையால் பொறுக்கி மேலே போட்டோம். மெல்லிய வேர்கள் மண்ணில் சீக்கிரம் மட்கிவிடும். தடித்தவைதான் ஆபத்து.

அந்த மூன்று கூட்டத்துக்குள் நாங்கள் 2010இல் நட்ட மரங்களில் சுமார் நானூறு இன்னும் பச்சையாக நின்றன. அவற்றையும் எடுக்க வேண்டியிருந்தது. எட்டு வருடம் களை எடுத்து, மான் கடிக்காமல் பார்த்துக்கொண்ட மரங்கள். மனைவி வேண்டாம் என்றாள். முதலில் இருபதைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்ப்போம் என்று பேசி முடிவெடுத்தோம். பீப்பாயில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொன்றாக அலசினோம். இருபதில் ஏழு மரத்தின் வேரில் வெள்ளை ஏடு. அந்த ஏழில் ஐந்து மேலே பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாத மரங்கள், உச்சித்தளிர் அரை மீட்டர். ஒன்றில் பூஞ்சை அடித்தண்டுக்கு நான்கு விரல் தூரத்தில் நின்றது. அடுத்த கோடையில் சிவந்திருக்கும். அதன் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை, மீதியையும் எடுத்தோம்.

இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் காலையில் மழை. பத்து மணிக்கு ஓட்டுநர் இறங்கி வந்து, “நிறுத்திவிடலாமா? மண் ஒட்ட ஆரம்பித்துவிட்டது” என்று கேட்டார். அன்றைய வாடகை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, இன்னும் பதினைந்து கட்டைதான் பாக்கி. முடித்துவிடுங்கள் என்றேன். மூன்று மணி நேரம். மண்ணுக்கு நான் செய்த மிகப் பெரிய தீங்கு அந்த மூன்று மணி நேரத்தில் நடந்தது.

அடுத்த வசந்தத்தில் இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு குத்திப் பார்த்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி, முனை கூராக்கியது. உடல் எடையைக் கொடுத்து அழுத்தினால் முதல் இரண்டு நாள் வேலை செய்த இடத்தில் 30 சென்டிமீட்டர் இறங்கியது. காட்டுக்குள் தொடாத மண்ணிலும் கிட்டத்தட்ட அதே அளவு. மழை நாளில் இயந்திரம் ஓட்டிய நிலப்பட்டையில் ஒன்பது சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. பனியுருகிய தண்ணீர் அங்கே ஜூன் வரை தேங்கியது. கம்பியின் விலை ஒன்றுமில்லை. யார் கட்டை பிடுங்கினாலும் வேலைக்கு முன்பும் பின்பும் இதைச் செய்து எழுதி வையுங்கள்.

இன்னொரு மூலையில் வேறு கோளாறு. ஒரு பெரிய கட்டையின் குழியை மூடும்போது இலைமட்கு அடியில் போய், மஞ்சள் களி மேலே வந்துவிட்டது. தட்டையாக, சுத்தமாக இருந்ததால் அன்றைக்கு அழகாகத் தெரிந்தது. நாற்று வைத்த பிறகுதான் தெரிந்தது, மண்ணைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம் என்று.

2019 மே முதல் வாரம் நடவு. இந்த முறை 760 நாற்று: 300 டக்ளஸ் ஃபர், 200 மேற்கத்திய லார்ச், 260 செஞ்சீடர் (சுருக்கமாகச் சீடர்). கலப்புக்குக் காரணம் இருக்கிறது. ஃபர் எந்த வயதிலும் இந்த நோய்க்கு எளிதில் விழும். லார்ச் இளமையில் விழும், பதினைந்து இருபது வயதைத் தாண்டினால் தாக்குப்பிடிக்கும். செஞ்சீடர் பாதிக்கப்பட்டாலும் புண்ணைச் சுற்றி அடைத்துக்கொள்வதில் கெட்டி. ஒரே இனத்தின் வேர்கள் அடுத்தடுத்து கைகோத்து நின்றால் பூஞ்சை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போகும். நடுவில் சீடர் நின்றால் அந்த நடை தடுமாறும். ஆகவே வரிசையாக நடாமல், ஒரு ஃபருக்குப் பக்கத்தில் இன்னொரு ஃபர் வராதபடி மாற்றி மாற்றி வைத்தோம். நாற்று வாங்கிய இடத்தில் மூன்று இனத்துக்கும் மூன்று நிறப் பட்டை கட்டிக் கொடுத்தது உதவியாக இருந்தது. இல்லையென்றால் பையில் கலந்து போயிருக்கும்.

மேல்சரிவில் செத்த ஃபர் விட்ட இடைவெளிகளில் 180 சீடர் வைத்தோம், பழைய கட்டையிலிருந்து முடிந்தவரை தள்ளி. இரண்டு மீட்டர் தள்ளி வைப்பது நோயை நிறுத்தாது, வேர் எப்படியும் போய்ச் சேரும். ஆனால் சேரும்போது மரம் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அங்கே ஒரு துண்டில் எதையும் மாற்றாமல் பழைய ஃபர்களை அப்படியே விட்டேன், ஒப்பிட்டுப் பார்க்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கிளைக் குப்பைகளை மூன்று இடத்தில் குவித்து எரித்திருந்தேன். சாம்பல் நல்ல சத்து என்று அந்த வட்டங்களிலும் முப்பது நாற்று வைத்தேன். செப்டம்பருக்குள் இருபத்திரண்டு போய்விட்டது. இது ஆர்மில்லேரியா இல்லை. நாற்றின் காலடியில் பழுப்பு நிறத்தில், ஓரம் மஞ்சளாக, அப்பளம் பொரிந்தது போல மேடுபள்ளமான ஒன்று மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. ரைசினா என்ற இன்னொரு வேர்ப்பூஞ்சை. இதன் வித்துகள் மண்ணில் தூங்கிக் கிடக்கும், தீயின் சூடு பட்டால்தான் விழிக்கும். எரித்த இடத்தில் ஊசியிலை நாற்று வைக்க இரண்டு வருடமாவது பொறுக்க வேண்டும். நான் இப்போது எரிப்பதே இல்லை. கிளைகளை வெட்டித் தரையில் பரப்பிவிடுகிறேன்.

சத்து விஷயத்துக்கு வருகிறேன். நட்ட வருடமே தலைகீழான அந்த மூலையில் நாற்றுகள் வெளிறி மஞ்சளாக நின்றன, ஊசி குட்டை. சாறு வடியவில்லை, பட்டைக்கடியில் வெள்ளை இல்லை. நோயில்லை, பசி. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நல்ல இடத்து மேல்மண்ணில் மொத்தத் தழைச்சத்து 0.17 சதவீதம், அந்த மூலையில் 0.04. அதற்கு முன்பே அங்கே மூடாக்கு என்று மரச்சில்லுகளைக் கொட்டி மண்ணோடு கிளறிவிட்டிருந்தேன். அது இன்னும் கெடுத்தது. மரச்சில்லில் தழைச்சத்தைப் போலப் பல நூறு மடங்கு கார்பன். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், நாற்றுக்கு மிஞ்சாது. சில்லுகள் மேலே கிடந்தால் பாதகமில்லை, ஈரம் காக்கும். உள்ளே கிளறியதுதான் தவறு.

யூரியா போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். ஐம்பது நாற்றுக்குத் தேயிலைப் பை போன்ற மெதுவுரப் பை வேர் அருகே வைத்துப் பார்த்தேன். இரண்டு வருடம் நன்றாகத் தெளிந்து வளர்ந்தது, மூன்றாம் வருடம் வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு மேல் நான் போகாததற்குக் காரணம், தழைச்சத்து மட்டும் அதிகம் கிடைத்த டக்ளஸ் ஃபரின் வேரில் சர்க்கரை கூடி, பூஞ்சையைத் தடுக்கும் பீனால் சேர்மங்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஆர்மில்லேரியாவுக்கு அப்படிப்பட்ட வேர் இனிக்கும். ஐடஹோ பக்கம் செய்த சோதனைகளிலும் சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைந்த மண்ணில் தழைச்சத்து மட்டும் போட்டால் சாவு கூடியதையும், பொட்டாஷ் சேர்த்தால் நிலைமை மேம்பட்டதையும் பார்த்திருக்கிறார்கள். நோயுள்ள மண்ணில் உரம் போடுவது வெறும் தீனி விஷயம் இல்லை. மெதுவாக, மட்கு வழியாகச் சத்து வருவதே எனக்குச் சரியாகப் பட்டது.

அப்பா சொன்ன புல்லை இங்கே வைக்க முடியாது. கோடை மழை குறைவு, புல் இருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். பனிக்கடியில் வயல் எலி அதில் கூடு கட்டி, நாற்றின் பட்டையைச் சுற்றிக் கடித்துத் தின்றுவிடும். ஆனால் அவர் சொன்னதன் உட்பொருள், நடும் பயிருக்கு முன்னால் மண்ணைத் தேற்ற வேறொரு செடி வேண்டும் என்பது. அதற்கு இங்கே சிட்கா ஆல்டர் இருக்கிறது. சாலையோரத்தில் மண் சரிந்த இடத்திலெல்லாம் தானாக முளைக்கும் புதர். அதன் வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் முடிச்சுப் போட்டுக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது, நம் ஊரில் சணப்புக்கும் தக்கைப்பூண்டுக்கும் ரைசோபியம் செய்வது போல. 2020 ஏப்ரலில் எங்கள் வண்டிப்பாதை ஓரத்திலிருந்து முழங்கால் உயரக் கன்றுகள் 220 தோண்டி எடுத்து, மஞ்சள் மூலையிலும் மழைநாள் பட்டையிலும் வைத்தேன். எடுக்கும்போது ஒரு கன்றின் வேரை உற்றுப் பார்த்தேன். கடல் பவளம் போலக் கிளைத்த சின்னக் கொத்துகள், மிளகு முதல் சுண்டைக்காய் அளவு வரை. ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே ஆரஞ்சு கலந்த பழுப்பு. உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கேட்காமலே ஒரு உதவியும் வந்தது. கட்டை பிடுங்கித் திறந்த மண்ணில் பிர்ச் விதை விழுந்து ஆயிரக்கணக்கில் முளைத்துவிட்டது. 2013இல் அறுத்துத் தள்ளியவன் இந்த முறை அவற்றுக்கு நடுவில் மண்டியிட்டு, எதை வைத்துக்கொள்வது என்று பார்த்தேன். சுமார் ஐந்து மீட்டருக்கு ஒன்று வைத்துக்கொண்டு, மற்றதை முழங்கால் உயரத்துக்குள்ளேயே, மண் ஈரமாக இருக்கும் மே மாதத்தில் கையால் வேரோடு பிடுங்கினேன். அறுக்கவில்லை. அறுத்தால் அது கட்டை. இங்கே கட்டை என்ற ஒன்றே இனி உருவாகக் கூடாது. பிர்ச் இலை சீக்கிரம் மட்கும், சுண்ணாம்புச்சத்து நிறைந்தது. சீடர் உதிர்க்கும் சருகிலும் சுண்ணாம்புச்சத்து அதிகம். 2023 அக்டோபரில் பிர்ச்சின் கீழே விரலால் கிளறியபோது ஒரு சென்டிமீட்டருக்குக் கறுப்பு மட்கு சேர்ந்திருந்தது. ஃபர் மட்டும் நின்ற பழைய துண்டில் வெறும் ஊசி, அதன் கீழே வெளிறிய மண்.

எல்லாம் நல்லபடியாகவே போகவில்லை. 2021 ஜூன் கடைசியில் வந்த வெப்ப அலையில், இதே மாகாணத்தின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி தொட்ட அதே வாரம், தென்மேற்குப் பக்கம் பார்த்த சீடர் நாற்றுகள் வெந்து போயின. கீழே எழுபதுக்கு மேல், மேல்சரிவில் நாற்பது. பிர்ச் அல்லது ஆல்டர் நிழலில் நின்றவை பிழைத்தன. குளிர்காலத்தில் மான் சீடரை மேய்ந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் வலைக்கூண்டு போட்டோம். இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், நாற்றின் விலையைவிடக் கூண்டின் விலை அதிகம்.

2024 அக்டோபர் கணக்கு இது. செத்த ஒவ்வொரு மரத்தையும் தோண்டிப் பட்டையை உரித்துப் பார்த்த பிறகே காரணம் எழுதினேன். பிடுங்கிய 0.6 ஹெக்டேரில் 760இல் வெயில், மான், எலி, எரித்த வட்டம் எல்லாம் சேர்த்து 149 போய்விட்டன. ஆர்மில்லேரியாவால் செத்தவை 11. அந்தப் பதினொன்றில் எட்டு ஒரே இடத்தில். தோண்டிப் பார்த்தால் கீழே என் முழங்கை தடிமனில் ஒடிந்த வேர் ஒன்று கிடந்தது, மழை நாளில் தவறவிட்டது. மேல்சரிவில் ஒப்பிட விட்ட துண்டில் இருந்த 140 பழைய ஃபரில் 52 நோயால் செத்திருக்கின்றன, வருடா வருடம் கூடுகிறது. இடைவெளியில் வைத்த சீடரில் நோயால் செத்தவை இரண்டு.

புது மரங்களுக்கு ஆறு பருவம்தான் ஆகிறது. பழையவை சாகத் தொடங்கியதே அந்த வயதில்தான். அதனால் 11 என்ற எண்ணை நான் இன்னும் வெற்றி என்று எழுதவில்லை. 2030 வரை ஒவ்வொரு அக்டோபரும் எண்ணப் போகிறேன். அந்த எட்டு மரம் செத்த இடத்தில் ஒடிந்த வேரைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துத் தலைகீழாக வைத்திருக்கிறேன். அங்கே இனி ஃபர் இல்லை, பிர்ச்சும் சீடரும் மட்டும்.

மஞ்சள் மூலையில் ஆல்டர் இப்போது தலைக்கு மேல் நிற்கிறது, அதன் நடுவே ஃபர் நல்ல பச்சை. மழைநாள் பட்டைதான் இன்னும் தேறவில்லை. போன வாரம் அதே கம்பியைக் கொண்டுபோய் அழுத்தினேன். ஆல்டர் இல்லாத இடத்தில் பத்து சென்டிமீட்டர். ஆல்டரின் காலடியில் பதினான்கு. வசந்தத்தில் வண்டிப்பாதை ஓரத்திலிருந்து இன்னும் நூறு கன்று எடுக்க வேண்டும்.